ஆறாத புண்ணும் அறிஞர் லிஸ்டரும்

வீட்டில் யாருக்கேனும் காலில் சிறு காயம் ஏற்பட்டால், அலமாரியில் இருக்கும் பழுப்பு நிறத் திரவப் புட்டியை எடுப்பது நமக்குப் பழகிப்போன செயல். பஞ்சில் நனைத்துத் தடவுகிறோம், துணி சுற்றிக் கட்டுகிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்பு வரை காயத்துக்கும் மரணத்துக்கும் இடையே இருந்த தொலைவு மிகக் குறுகியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை நமக்கு நேர்வதில்லை.

அந்தத் தொலைவை நீட்டித் தந்தவர்களில் முதன்மையானவர் ஜோசப் லிஸ்டர். அறுவை மருத்துவத்தில் கிருமிநாசினி முறையைப் புகுத்தியவர் என்று பள்ளிப் பாடநூல்கள் இரண்டு வரிகளில் கூறிவிட்டு அவரைக் கடந்து செல்கின்றன. அவருடைய வாழ்க்கையை முழுமையாகப் படிப்பவர்களுக்கு வேறோர் உண்மையும் புலப்படும். கிருமிநாசினியின் ஆற்றலை உலகுக்கு உணர்த்திய அவரே, அதன் எல்லையையும் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். நீரிழிவு நோயால் ஆறாத கால்புண்ணுடன் பலர் வாழும் நம் நாட்டுக்கு இந்த இரண்டாவது பாடமே இன்று அதிகம் தேவைப்படுகிறது.

லண்டனை அடுத்த அப்டன் என்னும் ஊரில் 1827 ஏப்ரல் 5-ஆம் தேதி பிறந்தார் லிஸ்டர். எளிமையையும் நேர்மையையும் வாழ்க்கை நெறியாகக் கொண்ட குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். தந்தை ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் மது வணிகர். ஆனால், ஓய்வு நேரமெல்லாம் அவருடைய கவனம் நுண்ணோக்கியின் மீதே இருந்தது. பார்க்கும் பொருளைச் சுற்றி நிறங்கள் சிதறித் தெரியும் குறைபாட்டை நீக்கி, நுண்ணோக்கி வில்லைகளை அவர் செம்மைப்படுத்தினார். அதற்காக ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வு செய்யப்பட்டார். கல்லூரி வாசலை மிதிக்காத வணிகர் ஒருவருக்குக் கிடைத்த அரிய சிறப்பு அது.

கண்ணுக்குப் புலப்படாத உலகம் ஒன்று உண்டு என்பதைச் சிறுவன் லிஸ்டர் தன் வீட்டிலேயே கண்டறிந்தார். பின்னாளில், காணமுடியாத உயிர்கள் புண்ணை அழுக வைக்கின்றன என்று அவர் கூறியபோது மூத்த மருத்துவர்கள் பலர் நகைத்தனர். அவர் தளராமல் நின்றதற்கு இளமையில் தந்தையின் மேசையருகே நின்று பெற்ற பயிற்சி பெரிதும் துணை செய்திருக்கும்.

அந்நாளில் ஆங்கிலத் திருச்சபையைச் சாராதவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற இயலாது. எனவே, சமய வேறுபாடு பாராத லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் லிஸ்டர் சேர்ந்தார். 1846 டிசம்பரில் அக்கல்லூரி மருத்துவமனையில், ஈதர் கொடுத்து நோயாளியை மயக்கமுறச் செய்து ராபர்ட் லிஸ்டன் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஒரு காலைத் துண்டித்தார். பார்வையாளர்களிடையே மாணவர் லிஸ்டரும் இருந்ததாகக் கூறப்படுகிறது.

வலி ஒழிந்தது, ஆனால் மரணம் ஒழியவில்லை. பொருளாதாரத்தில் ஒரு தடையை நீக்கினால் அதன் பின்னால் மறைந்திருந்த அடுத்த தடை வெளிப்படும் என்பார்கள். அறுவை மருத்துவத்திலும் அதுவே நிகழ்ந்தது. வலி என்னும் தடை நீங்கியதும் மருத்துவர்கள் துணிவுடன் அதிகமான, நீண்ட நேர அறுவைகளைச் செய்யத் தொடங்கினர். அறுவை வெற்றி பெற்றது. சில நாள்களில் புண் அழுகி நோயாளி மாண்டார்.

மாணவப் பருவத்தில் பெரியம்மையும் அதைத் தொடர்ந்து கடுமையான மனச்சோர்வும் லிஸ்டரைத் தாக்கின. படிப்பை நிறுத்திவிட்டுச் சில காலம் ஒதுங்கியிருந்தவர், மீண்டு வந்து 1852-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் சைம் என்னும் பேராசிரியரிடம் சில வாரங்கள் பயிற்சி பெறச் சென்றவர், அங்கேயே தங்கிவிட்டார்.

சைமின் மகள் ஆக்னஸை 1856-இல் மணந்தார். மனைவி வேறு சபையைச் சேர்ந்தவர் என்பதால் குவேக்கர் பிரிவிலிருந்து விலக நேர்ந்தது. தேனிலவுப் பயணத்தில் ஐரோப்பிய நகரங்களின் மருத்துவமனைகளையும் இருவரும் பார்வையிட்டனர். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. கணவரின் சோதனைகளுக்கு உதவுவதையும், அவர் சொல்லச் சொல்ல ஆய்வுக் குறிப்புகளை எழுதுவதையும் ஆக்னஸ் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். லிஸ்டரின் ஆய்வேடுகளில் பக்கம் பக்கமாகக் காணப்படுவது அந்த அம்மையாரின் கையெழுத்தே. அறிவியல் வரலாறு போதிய அளவு நன்றி கூறாத பெண்களின் வரிசையில் அவருக்கும் ஓர் இடம் உண்டு.

லிஸ்டர் 1860-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு அந்நகரின் ராயல் மருத்துவமனையில் அறுவைப் பிரிவு ஒன்றின் பொறுப்பை ஏற்றார். தொழிற்புரட்சியின் உச்சத்தில் இருந்த நகரம் அது. ஆலை இயந்திரங்களில் சிக்கியவர்கள், வண்டிச் சக்கரத்தில் அகப்பட்டவர்கள், கட்டடத்திலிருந்து விழுந்தவர்கள் என்று உழைக்கும் மக்கள் நாள்தோறும் கொண்டுவரப்பட்டனர்.

எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக் கொண்டு வெளியே வந்துவிட்டால், அந்தக் காலை வெட்டி எடுப்பதே பொதுவான வழக்கம். வெட்டாவிட்டால் புண் அழுகி உயிர் போகும். வெட்டினாலும் வெட்டிய இடம் அழுகி உயிர் போகக்கூடும். தப்பிப் பிழைத்த கூலித் தொழிலாளிக்கு ஒற்றைக் காலுடன் வேலை தருவார் எவருமில்லை. உடலுழைப்பைத் தவிர வேறு மூலதனம் இல்லாதவனுக்குக் கால் போவது என்பது குடும்பத்தின் அடுத்த வேளை உணவு போவதாகும்.

புண் ஏன் அழுகுகிறது என்பதற்கு அன்றைய மருத்துவ உலகம் கெட்ட காற்றையே காரணமாகக் கூறியது. அறுவை மருத்துவர்கள், பல ஆண்டுகளாக இரத்தக் கறை படிந்து காய்ந்த மேலங்கியைத் தம் அனுபவத்தின் அடையாளமாக அணிந்து வந்தனர். ஒரு நோயாளியின் புண்ணைத் தொட்ட கையும் கருவியும் கழுவப்படாமலேயே அடுத்தவரிடம் சென்றன. சீழ் பிடிப்பது புண் ஆறுவதன் இயல்பான கட்டம் என்ற கருத்தும் வேரூன்றியிருந்தது. லிஸ்டரின் அறுவைப் பிரிவை ஒட்டிய நிலத்தில், 1849-ஆம் ஆண்டு காலராவில் இறந்தவர்களின் சவப்பெட்டிகள் தரைமட்டத்துக்குச் சிறிது கீழேயே புதைந்து கிடந்தது பின்னர் தெரியவந்தது.

1865-இல் கிளாஸ்கோவின் வேதியியல் பேராசிரியர் தாமஸ் ஆண்டர்சன், பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டரின் ஆய்வுகளை லிஸ்டரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். நொதித்தலுக்கும் அழுகலுக்கும் காரணம் காற்றல்ல, காற்றிலும் பொருள்களிலும் உள்ள நுண்ணுயிர்கள் என்பது பாஸ்டரின் முடிவு. பாலும் இறைச்சியும் நுண்ணுயிரால் கெடுகின்றன எனில், புண்ணும் அவ்வாறே கெடுவதாக ஏன் இருக்கக் கூடாது? லிஸ்டரின் சிந்தனை இவ்வழியில் சென்றது.

நுண்ணுயிரை ஒழிக்கப் பாஸ்டர் கூறிய வழிகளுள் வடிகட்டுவதும் சூடாக்குவதும் மனித உடலுக்குப் பொருந்தாது. எஞ்சியது வேதிப்பொருள். இங்கிலாந்தின் கார்லைல் நகரில் கழிவுநீருடன் கார்பாலிக் அமிலத்தைக் கலந்தபோது நாற்றம் நீங்கியதாகவும், அக்கழிவுநீர் பாய்ந்த மேய்ச்சல் நிலத்தின் மாடுகளைத் தாக்கிய நோய் மறைந்ததாகவும் லிஸ்டர் அறிந்தார். நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் மலிவான பொருள் அது. சாக்கடைக்கு மருந்தானது புண்ணுக்கும் மருந்தாகலாம் என்று அவர் கருதினார்.

1865 ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுச் சிறுவன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். வண்டிச் சக்கரம் ஏறியதில் காலெலும்பு முறிந்து, தோல் கிழிந்து, புண் வாய் பிளந்திருந்தது. வழக்கமான முறையில் அந்தக் கால் வெட்டப்பட்டிருக்கும். லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைப் புண்ணின் மீது வைத்து, மரச்சட்டம் கொடுத்துக் கட்டினார். நான்கு நாள்கள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது அழுகல் நாற்றம் இல்லை, சீழும் இல்லை. ஆனால், அமிலம் பட்ட இடத்தில் தோல் எரிந்து சிவந்திருந்தது. அமிலத்தின் கடுமையைக் குறைத்து, கட்டுதலைத் தொடர்ந்தார். ஆறு வாரங்களில் எலும்பு கூடியது. சிறுவன் தன் இரு கால்களால் நடந்து வீட்டுக்குச் சென்றான்.

அந்தச் சிவந்த தோலை நாம் நினைவில் கொள்ள வேண்டும். கிருமியைக் கொல்லும் பொருள் உயிருள்ள தசையையும் தீண்டும் என்பதை முதல் வெற்றியிலேயே லிஸ்டர் கண்டுவிட்டார். அதன்பின் ஏறத்தாழ 25 ஆண்டுகள் அவர் செய்த ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த ஒரு சிக்கலைத் தீர்ப்பதற்கானதே.

இம்முறையில் மருத்துவம் பெற்ற 11 பேரின் விவரங்களை 1867-இல் லான்செட் மருத்துவ இதழில் அவர் வெளியிட்டார். ஒருவர் இறந்தார், ஒருவர் காலை இழந்தார், மற்ற ஒன்பது பேரும் உறுப்பிழப்பின்றி மீண்டனர். பின்னர் 1870-இல் கால், கை துண்டிப்பு அறுவைகளின் கணக்கையும் வெளியிட்டார். புதிய முறைக்கு முந்தைய 35 அறுவைகளில் 16 மரணங்கள். புதிய முறை வந்தபின் 40 அறுவைகளில் 6 மரணங்கள். அதாவது, நூற்றுக்கு 46 என்றிருந்த இறப்பு 15 ஆகக் குறைந்தது.

எண்ணிக்கை சிறியது என்பதை லிஸ்டரே ஒப்புக்கொண்டார். புள்ளியியலைப் பல்லாண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று கூறலாம். இன்றைய சோதனை முறைகளைக் கொண்டு பார்த்தாலும் இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தற்செயல் என்று எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அதே சமயம், இரு கணக்குகளும் வெவ்வேறு ஆண்டுகளுக்கு உரியவை என்பதால், இடையில் மாறிய மற்ற காரணிகளும் பங்களித்திருக்கக் கூடும். தம் சான்றின் வலிமையை மிகைப்படுத்தாத ஓர் ஆய்வாளரை இந்தக் கணக்கில் காண்கிறோம்.

அவருடைய நம்பிக்கைக்கு மிகக் கடுமையான சோதனை வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. சகோதரி இசபெல்லாவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை செய்யப் பிற மருத்துவர்கள் தயங்கிய நிலையில், 1867 ஜூனில் தம் வீட்டிலேயே கார்பாலிக் முறையைப் பின்பற்றி லிஸ்டர் அறுவை செய்தார். புண் அழுகாமல் ஆறியது. புற்றுநோய் மீண்டும் தாக்கும் வரை அவர் மேலும் மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார்.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. குளோரோஃபார்மை மயக்க மருந்தாகப் புகுத்திய ஜேம்ஸ் யங் சிம்சன் போன்ற பெரியவர்களே கடுமையாக எதிர்த்தனர். கார்பாலிக் அமிலத்தை வேறு நாட்டினர் முன்பே பயன்படுத்தியுள்ளனர் என்பது ஒரு குற்றச்சாட்டு. உண்மைதான். ஆனால், லிஸ்டர் உரிமை கோரியது ஒரு திரவத்துக்காக அல்ல, ஒரு கோட்பாட்டுக்காக. புண்ணுக்குள் நுண்ணுயிர் நுழையும் ஒவ்வொரு வழியையும் அடைப்பதே அக்கோட்பாடு. கை, கருவி, நூல், துணி என அனைத்தும் அதில் அடங்கும். திரவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கோட்பாட்டை விட்டவர்கள் தோல்வியுற்றனர். பிறகு முறையே தவறு என்றனர்.

மாமனார் சைமுக்குப் பின் 1869-இல் எடின்பரோ பேராசிரியர் பதவி லிஸ்டருக்குக் கிடைத்தது. 1871-இல் பால்மோரல் அரண்மனையில் விக்டோரியா பேரரசியின் அக்குளில் இருந்த சீழ்க்கட்டியை அறுத்து, சீழ் வடிய இரப்பர்க் குழாய் ஒன்றை வைத்துக் குணப்படுத்தினார். ஆனால், லிஸ்டரின் பொறுமையை அறிய அரண்மனையைக் காட்டிலும் எடின்பரோ மருத்துவமனையின் ஏழை நோயாளிகள் பகுதிக்கே நாம் செல்ல வேண்டும்.

வில்லியம் எர்னஸ்ட் ஹென்லி என்ற இளைஞர் 1873-இல் அங்கு வந்தார். எலும்பில் காசநோய். ஆறாத புண்ணால் இடக்கால் முழங்காலுக்குக் கீழே ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்தது. வலப்பாதத்திலும் புண்; அதையும் வெட்டியாக வேண்டும் என்று மருத்துவர்கள் கூறியிருந்தனர். கடைசி நம்பிக்கையாக லிஸ்டரைத் தேடி வந்தார். ஏறத்தாழ 20 மாதங்கள் அவர் அந்த மருத்துவமனையில் படுத்திருந்தார். மீண்டும் மீண்டும் செய்த அறுவைகள், இடைவிடாத தூய்மை, தவறாத கட்டு மாற்றம், முழு ஓய்வு ஆகியவற்றால் 1875-இல் அந்தப் பாதம் காப்பாற்றப்பட்டது.

மருத்துவமனை வாழ்க்கையைப் பற்றி ஹென்லி எழுதிய கவிதைகளும், பின்னாளில் 'இன்விக்டஸ்' என்ற தலைப்புடன் உலகப் புகழ் பெற்ற கவிதையும் அக்காலத்தில் உருவானவை. அங்கு அவரைக் காண வந்து நண்பரான எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், தம் 'டிரஷர் ஐலண்ட்' நாவலின் ஒற்றைக்கால் கடற்கொள்ளையன் பாத்திரத்துக்கு ஹென்லியே தூண்டுதல் என்று ஒப்புக்கொண்டார்.

விபத்தில் ஏற்படும் புதுக் காயமும், மாதக் கணக்கில் ஆறாத பழம்புண்ணும் வெவ்வேறானவை. முன்னதில் கிருமி நுழையாமல் தடுத்தால் உடல் தானே ஆற்றிக்கொள்ளும். பின்னதில் கிருமி ஏற்கெனவே குடியேறியிருக்கும். இறந்த தசை அதற்கு இருப்பிடமாகும். இரத்த ஓட்டமோ உடலின் எதிர்ப்பாற்றலோ குன்றியிருக்கும். புட்டியில் உள்ள மருந்தை மேலே ஊற்றுவதால் மட்டும் அது ஆறாது. ஹென்லியின் பாதத்தைக் காத்தது கார்பாலிக் அமிலம் மட்டுமன்று. 20 மாதங்கள் நீடித்த முறையான பராமரிப்பு.

புண்ணுக்கும் மருந்துக்கும் இடையே உள்ள முரண்பாட்டைத் தீர்க்க லிஸ்டர் செய்த ஏற்பாடு எளிமையானது. புதிதாக வளரும் இளந்தசையின் மீது மெல்லிய எண்ணெய்ப் பட்டுத் துணியை முதலில் விரித்தார். அதன் மேலேயே கார்பாலிக் தோய்த்த வலைத்துணியை வைத்தார். கிருமி தடுக்கப்படும், மருந்தின் எரிச்சலும் தசையை அண்டாது. மேலோட்டமான புண்களுக்குக் கார்பாலிக்கை விட மென்மையான போரிக் அமிலத்தைப் பயன்படுத்தினார். காயத்தைத் தைக்கவும் இரத்தக் குழாயைக் கட்டவும் விலங்குக் குடலிலிருந்து செய்த, உடலிலேயே கரையும் நூலைக் கிருமி நீக்கிப் பயன்படுத்தினார். ஒவ்வொன்றும் பல ஆண்டுச் சோதனையின் விளைவு.

1877-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்றார். அறுவை மருத்துவத்தின் தலைநகரில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு குளிர்ச்சியானது. எடின்பரோவில் நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவரின் முன் லண்டனில் வெகு சிலரே அமர்ந்தனர். ஆனால், அவ்வாண்டு அக்டோபரிலேயே, உடைந்த முழங்கால் சில்லைத் திறந்து வெள்ளிக் கம்பியால் இணைத்தார். அழுகும் அபாயத்தால் எவரும் நெருங்காத மூட்டை அவர் திறந்தார். புண் தூய்மையாக ஆறியது. அதன்பின் எதிர்ப்பு மெல்ல அடங்கியது.

அவருடைய பெருமையில் தலையாயதாக நான் கருதுவது 1890-இல் பெர்லினில் நடைபெற்ற அனைத்துலக மருத்துவ மாநாட்டு நிகழ்வை. காற்றில் உள்ள கிருமிகளைக் கொல்ல அறுவைக் கூடத்தில் கார்பாலிக் நீரைத் தூவும் கருவியை அவர் 1870-களின் தொடக்கத்தில் அறிமுகம் செய்திருந்தார். அவருடைய பெயருடன் பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட கருவி அது. மருத்துவர்களின் கைகள் வெடித்தன, மூச்சு திணறியது, இருந்தும் பல நாடுகளில் அதைப் பின்பற்றினர். காற்றில் மிதக்கும் கிருமிகளால் விளையும் ஆபத்து மிகச் சிறிது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. லிஸ்டர் கருவியைக் கைவிட்டார். அத்துடன் நில்லாமல், உலக மருத்துவர்கள் கூடிய அவையில், அதைப் பரிந்துரைத்ததற்காகத் தாம் வருந்துவதாக வெளிப்படையாக அறிவித்தார். தம் புகழின் சின்னத்தையே பிழை என்று ஒப்புக்கொள்ளும் துணிவு அறிவுலகில் அரிதானது. கொள்கை வகுப்பவர்களிடம் அது அரிதினும் அரிது.

1892 டிசம்பரில் பாரிஸில் பாஸ்டரின் 70-ஆம் பிறந்தநாள் விழாவில் லிஸ்டர் நேரில் சென்று தம் கடனை நினைவுகூர்ந்து போற்றினார். அடுத்த ஆண்டு இத்தாலியில் விடுமுறையில் இருந்தபோது ஆக்னஸ் நோயுற்று மறைந்தார். 37 ஆண்டுகள் உடனிருந்த ஆய்வுத் துணை நீங்கியதும் லிஸ்டரின் ஊக்கமும் தளர்ந்தது. மருத்துவத் தொழிலிலிருந்து விலகினார். பின்னர் ராயல் சொசைட்டியின் தலைமையும் 1897-இல் பிரபுப் பட்டமும் அவரைத் தேடி வந்தன. 1912 பிப்ரவரி 10-ஆம் தேதி கென்ட் கடற்கரையில் உள்ள வால்மர் என்னும் சிற்றூரில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் இறுதி வழிபாடு நடைபெற்றது. ஆயினும், அவர் விரும்பியவாறே மேற்கு ஹாம்ப்ஸ்டெட் கல்லறைத் தோட்டத்தில் மனைவியின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்த இரண்டே ஆண்டுகளில் முதல் உலகப் போர் மூண்டது. சேற்றில் கிடந்த வீரர்களின் ஆழமான காயங்களில் மருத்துவர்கள் கடுமையான கிருமிநாசினிகளை ஊற்றினர். பின்னாளில் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், பிரான்ஸில் படை மருத்துவராக இருந்தபோது, போர்க்காயத்தைப் போலப் பல கூர்முனைக் குழிவுகள் கொண்ட கண்ணாடிக் குழாயைச் செய்து சோதித்தார். கிருமிநாசினி குழிவுகளின் ஆழத்தைச் சென்றடையவில்லை. மாறாக, கிருமியை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்களை அது அழித்தது. இறந்த தசையை அறுத்து நீக்குவதும் உப்பு நீரால் கழுவுவதுமே பல வேளைகளில் மேலானவை என்ற கருத்து வலுப்பெற்றது. அதே போரில் அலெக்ஸி கேரல், ஹென்றி டேக்கின் ஆகிய இருவரும் மிகவும் நீர்த்த ஹைப்போகுளோரைட் கரைசலைக் குழாய்கள் வழியே அடிக்கடி செலுத்தும் முறையை உருவாக்கினர். லிஸ்டர் எண்ணெய்ப் பட்டுத் துணியால் தீர்க்க முயன்ற அதே சிக்கலுக்குக் கிடைத்த வேறொரு விடை அது.

நம் மண்ணுக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், லிஸ்டர் படித்த அதே லண்டன் கல்லூரி மருத்துவமனையில் பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண்கள் ஆறாமைக்கு அவர்களின் தசை கெட்டிருப்பதே காரணம் என்று அதுவரை நம்பப்பட்டது. வலி உணர்வு இல்லாததால் அவர்கள் புண்ணின் மீதே நடக்கிறார்கள் என்பதை அவர் கண்டறிந்தார். மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தை நீக்கியபோது புண்கள் ஆறின. இதே பாடம்தான் இன்று நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைக் காக்கிறது.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நீரிழிவால் கால் துண்டிக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் தோன்றியது ஓர் ஆறாத புண்ணே.

என் தந்தையும் அவர்களுள் ஒருவர். பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய வலக்காலின் பெருவிரலுக்கு அடியில் புண் ஏற்பட்டது. நாள்தோறும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி, நுரை பொங்குவதைப் பார்த்துக் கொண்டிருப்போம். நுரை வந்தால் புண் தூய்மையாகிறது என்று நம்பினோம். கட்டுப் போட்ட கையோடு, தேய்ந்துபோன பழைய செருப்பை மாட்டிக்கொண்டு அவர் கடைத்தெருவுக்கு நடந்து செல்வார். வலி தெரியாததால் குணமாகிறது என்றே அவர் எண்ணினார். கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றிருந்த மகனுக்கு அந்தச் செருப்பைக் கவனிக்கத் தோன்றவில்லை. குறை மருந்தில் இல்லை. மருந்தை மட்டும் நம்பியதில் இருந்தது.

பழம்புண்ணில் கிருமிகள் வழுவழுப்பான படலத்துக்குள் கூட்டமாக ஒளிந்து வாழ்கின்றன என்பது இன்று அறியப்பட்ட உண்மை. அந்தப் படலத்தையும் இறந்த தசையையும் சுரண்டி நீக்கிய பிறகே கிருமிநாசினி பயன்தரும். அயோடின் சேர்ந்த மருந்துகள், வெள்ளி சேர்ந்த கட்டுத்துணிகள் ஆகியவை கிருமித்தொற்று உள்ள காலத்தில், அளவோடு, குறிப்பிட்ட நாள்களுக்குப் பயன்படுத்த வேண்டியவை. தூய்மையாகி ஆறத் தொடங்கிய புண்ணின் மீது நாள்தோறும் கடுமையான திரவத்தை ஊற்றுவது, முளைத்து வரும் பயிரின் மீது களைக்கொல்லியைத் தெளிப்பதற்கு ஒப்பாகும். உட்கொள்ளும் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கிருமிகள் கட்டுப்படாத நிலை பெருகிவரும் இக்காலத்தில், மேற்பூச்சுக் கிருமிநாசினியின் மதிப்பு மீண்டும் உயர்ந்து வருகிறது. அதை வீணாக்காமல் பயன்படுத்தும் அறிவும் அதற்கேற்ப உயர வேண்டும்.

தமிழகத்தில் 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக நீரிழிவு நோயாளிகளின் வீட்டு வாசலுக்கே மாத்திரைகள் செல்கின்றன. மாத்திரை கொடுக்கச் செல்லும் பணியாளர் நோயாளியின் பாதத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவதற்கு அதிகச் செலவு ஆகாது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் அனைத்திலும் புண் பராமரிப்பில் பயிற்சி பெற்ற செவிலியர் இருக்க வேண்டும். பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் காலணிகள் ஏழைகளுக்கும் கிடைக்க வேண்டும். ஒரு காலைத் துண்டிக்கும் அறுவைக்கும், அதன்பின் அந்தக் குடும்பம் இழக்கும் வருவாய்க்கும் ஆகும் தொகையுடன் ஒப்பிட்டால் இவை மிகச் சிறு முதலீடுகள்.

கிளாஸ்கோவில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் இரு கால்களுடன் வீடு திரும்பியது, ஒரு மருத்துவர் கட்டைப் பிரித்துத் தாம் கண்டதை நேர்மையாகக் குறித்துக்கொண்டதன் பயன். புட்டியைத் திறக்கும் முன் புண்ணை உற்றுப் பார்க்கும் அந்தப் பழக்கம் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் நம் வீடுகளுக்கும் வர வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).